பிளாக்ஃபிரையர்ஸ் ரிங்: ஒரு பேட்டைக் குத்துச்சண்டை அரங்கின் வரலாற்றைத் தேடும் வழி

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, பிளாக்ஃபிரையர்ஸ் சாலையில் 'தி ரிங்' என்ற குத்துச்சண்டை அரங்கு இருந்தது. 1910இல் திறந்தார்கள், 1940இல் குண்டு விழுந்து அழிந்தது. சுற்றிலும் உழைப்பாளிகள் குடியிருந்த ஏழைப் பேட்டை. பணக்காரர்கள் மாலை உடுப்பு மாட்டிக்கொண்டு பார்க்கிற சண்டைகளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோவென்ட் கார்டனில் 1891 முதலே நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் இருந்தது. அங்கே ரவுண்ட் நடக்கும்போது யாரும் சத்தம் போடக் கூடாது என்பது விதி. ரிங் அப்படியில்லை. வேலை முடிந்து நேராக வருகிற கூட்டம், மலிவு டிக்கெட், கூரை அதிரும் சத்தம்.

இன்று அந்தக் கட்டடத்தின் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. ஆனாலும் அதன் வரலாற்றை நூற்று ஐம்பது வருடத்துக்கு மேல் பின்னோக்கி எழுத முடிகிறது. எப்படி முடிகிறது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். என் கட்சி இதுதான்: குத்துச்சண்டை அரங்கைத் தேடுகிறவர் குத்துச்சண்டையிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் முகவரியைப் பிடிக்க வேண்டும், அப்புறம் கட்டடத்தை. ஆட்டங்கள் கடைசியில் தானாக வந்து சேரும்.

ஆட்டத்திலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்?

பெரும்பாலானவர்கள் செய்வது, அரங்கின் பெயரைப் பழைய செய்தித்தாள் தொகுப்பில் தட்டிப் பார்ப்பதுதான். பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் கணிசமான பகுதி இன்று இணையத்தில் தேடும்படி இருக்கிறது. ஆனால் 'ரிங்' என்று தேடினால் இங்கிலாந்தில் நடந்த அத்தனை குத்துச்சண்டைச் செய்திகளும் வந்து விழும். எல்லாச் சண்டையும் ரிங்கில்தானே நடக்கிறது! 'பிளாக்ஃபிரையர்ஸ்' என்று மட்டும் தேடினால் பாலமும் ரயில் நிலையமும் வரும். நடத்தியவரின் குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து, அதாவது 'பர்ஜ்', 'பிளாக்ஃபிரையர்ஸ்' என்று தேடினால்தான் வலையில் மீன் சிக்கும். நடத்தியவர் பெயர் தெரிய வேண்டுமானால் கட்டடத்தின் வரலாறு முதலில் கையில் இருக்க வேண்டும்.

பாக்ஸ்ரெக் போன்ற தளங்களில் வீரர்வாரியாகப் போட்டிகளும் முடிவுகளும் இருக்கின்றன. 1909இல் தொடங்கி இன்றும் 'பாக்சிங் நியூஸ்' என்று வருகிற இதழில் போட்டி விவரங்கள் கிடைக்கும். எல்லாம் அருமையான சேகரம்தான். ஆனால் அவை சொல்வது யார் யாரை அடித்தார் என்பதை. அந்தக் கூரையை யார் போட்டார், வாடகை யார் கொடுத்தார், ஏன் அந்தத் தெருமுனையில் அப்படியொரு இடம் வந்தது என்பதற்கு அங்கே பதில் இல்லை.

முகவரி

ரிங் இருந்தது பிளாக்ஃபிரையர்ஸ் சாலையும் யூனியன் தெருவும் சந்திக்கும் முனையில். ஆனால் பழைய படங்களில் இந்தப் பெயர்களைத் தேடினால் ஏமாந்துபோவோம். பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் 1769இல் திறந்தது. அதிலிருந்து தெற்கே போட்ட நேர்சாலைக்கு அன்று கிரேட் சர்ரே தெரு என்று பெயர். 1829இல்தான் அது பிளாக்ஃபிரையர்ஸ் சாலை ஆனது. குறுக்குத் தெருவுக்கும் முன்னே சார்லட் தெரு என்று வேறு பெயர். லண்டனில் தெருப் பெயரும் கதவு எண்ணும் பல தடவை மாறியிருக்கின்றன. அதனால் எண்ணை நம்பாமல் முனையை நம்புவது நல்லது. தெருமுனை லேசில் இடம் மாறாது.

இதற்கு உதவுகிறவை மூன்று. ஒன்று, பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெரிய அளவு நிலப்படங்கள். ஒரு மைலை ஐந்து அடியாக வரைந்த லண்டன் தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1870களின் தாள்களில் தேவாலயங்களின் உட்புறம்கூட வரையப்பட்டிருக்கும், எத்தனை இருக்கை என்றுகூடப் பல இடங்களில் எழுதியிருக்கும். இரண்டு, தபால் அலுவலக டைரக்டரி. தெருத் தெருவாக, வாசல் வாசலாக, எந்தக் குறுக்குத் தெரு எங்கே வெட்டுகிறது என்பதோடு சேர்த்து, அங்கே தொழில் செய்தவர் பெயர் வருடா வருடம் அச்சாகியிருக்கும். மூன்றாவது, தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக சார்லஸ் கோட் வரைந்த படங்கள். லண்டனுக்கு இவை 1880களின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கின்றன. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். சுவர் எத்தனை மாடி, கூரை எந்த வகை, உள்ளே என்ன தொழில் என்று எல்லாமே குறித்திருப்பார்கள். தீப்பிடித்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட வரைந்த படம் அது. அதனால் அதில் அலங்காரம் கிடையாது. அதுதான் நமக்கு லாபம்.

இந்த மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முதல் பெரிய செய்தி கைக்கு வருகிறது. ரிங் குத்துச்சண்டைக்காகக் கட்டிய கட்டடமே இல்லை. அது ஒரு தேவாலயம்.

சர்ரே சேப்பல்

ரோலண்ட் ஹில் என்ற போதகர் 1782இல் கட்டத் தொடங்கி 1783 ஜூனில் திறந்த சர்ரே சேப்பல்தான் அது. இங்கிலாந்துத் திருச்சபையின் கட்டுப்பாட்டுக்குள் வராத தனிச் சபை. சிலர் வட்டக் கட்டடம் என்று எழுதுகிறார்கள், சிலர் எண்கோணம் என்கிறார்கள். நடுவில் குவிந்த கூரை, சுற்றிலும் மேல்மாடம். 'மூலை இல்லாமல் கட்டினால் சாத்தான் ஒளிய இடம் இருக்காது' என்று ஹில் சொன்னதாக ஒரு கதை உண்டு. ரிங் பற்றி எழுதுகிற எல்லோரும் இதை எடுத்துப் போடுகிறார்கள். நான் இதை நம்பிக் கட்டுரையில் ஆதாரமாக வைக்க மாட்டேன். வட்டக் கட்டடம் எங்கே இருந்தாலும் இந்தச் சாத்தான் கதையும் ஒட்டிக்கொள்கிறது. காரணம் அதைவிட எளிமையானது. ஒரே ஒரு மனிதன் பேசுவதை ஆயிரக்கணக்கானவர்கள் கேட்க வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு வட்டத்தைவிட நல்ல வடிவம் இல்லை. பின்னால் குத்துச்சண்டைக்குக் கச்சிதமாகப் பொருந்தியதும் இதே காரணத்தால்தான். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் கண் நடுவிடத்துக்குப் போகும், மேல்மாடத்துக் கூட்டத்துக்கும் தூரம் அதிகமில்லை.

சேப்பலின் காலம் மிக வளமானது. ஹில், அம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னரின் நண்பர். தடுப்பூசியைப் பலர் எதிர்த்துப் பேசிய காலத்தில் 1806இல் அதை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார். சேப்பலிலேயே ஏழைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார். அவரே தன் கையால் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டிருக்கிறார். சபையின் ஞாயிறு பள்ளிகள் அந்தப் பேட்டை முழுக்க இருந்தன. ஆர்கன் வாசித்த பெஞ்சமின் ஜேக்கப், இசையமைப்பாளர் சாமுவேல் வெஸ்லியோடு சேர்ந்து 1808 வாக்கில் அங்கே ஜெர்மன் இசைமேதை பாஹின் இசை நிகழ்ச்சிகளை நடத்தினார். இங்கிலாந்தில் பாஹ் இசையைப் பொது ஜனத்துக்குக் கொண்டுபோன தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. 1833இல் இறந்த ஹில்லை அதே சேப்பலுக்குள் அடக்கம் செய்தார்கள்.

குத்துச்சண்டை அரங்கின் வரலாற்றுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கிட்டத்தட்ட நூறு வருடமாக அந்தப் பேட்டை ஜனங்கள் கூடிய இடம் அது. கூட்டம் எங்கே போய்ப் பழகியிருக்கிறதோ அங்கேதான் அடுத்த தொழிலும் வந்து உட்காரும். பர்ஜ் காலிமனையில் ஒரு அரங்கைக் கட்டவில்லை. பேட்டைக்கே தெரிந்த ஒரு கூரையை எடுத்துக்கொண்டார்.

யாரும் எழுதாத வருடங்கள்

1876இல் சபை வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் சாலையில் கட்டிய புதுத் தேவாலயத்துக்குப் போய்விட்டது. அங்கே அமெரிக்க அதிபர் லிங்கன் பெயரில் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. ஹில்லின் உடலையும் பிற்பாடு அங்கேயே மாற்றினார்கள். சேப்பலை வேறொரு சபை கொஞ்ச காலம் பயன்படுத்தியது. அப்புறம் அது இயந்திரக் கிடங்கானது. 1910 வரை இதே நிலை.

பல கட்டுரைகள் இந்த வருடங்களை ஒரே வரியில் தாண்டிவிடும். தேடுகிறவருக்கு இந்த இடைவெளிதான் முக்கியம். சமயச் சபை விட்டுப் போன பிறகு கட்டடம் வெறும் சரக்கு வைக்கிற கூடாகிவிடுகிறது, வாடகை இறங்குகிறது. பணம் அதிகமில்லாத ஒருவர் குத்தகைக்கு எடுக்க முடிகிற நிலை வருகிறது. டைரக்டரியில் வருடா வருடம் பெயர் மாறுவதைப் பார்த்தால் இந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியும். பேட்டை அரங்குகள் பலவும் இப்படி இறங்கிய கட்டடங்களில்தான் பிறந்திருக்கின்றன.

பர்ஜ் தம்பதி

டிக் பர்ஜ் 1890களில் இங்கிலாந்தின் பேர்பெற்ற லைட்வெயிட் வீரர். 1902இல் சிறைக்குப் போனார். லிவர்பூல் வங்கியில் வேலை பார்த்த கூடி என்ற எழுத்தர், குதிரைப் பந்தயக் கடனில் சிக்கி, ஒரு வாடிக்கையாளர் பெயரில் கள்ளக் காசோலைகள் எழுதினார். தொகை 1,60,000 பவுண்டுக்கு மேல். அந்தப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்ட கூட்டத்தில் பர்ஜும் இருந்தார். பத்து வருடத் தண்டனை, ஆனால் காலத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட கதையாக எழுத வேண்டிய அவசியமில்லை. ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் அச்சிட்ட விசாரணைக் குறிப்புகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் முழுசாக இருக்கின்றன. 1902 பிப்ரவரி அமர்வில் போய்ப் பார்க்கலாம். அரங்கு நடத்தியவர்களின் கதைகள் பெரும்பாலும் அவர்களே பத்திரிகைக்காரரிடம் சொன்னவை. நீதிமன்றக் காகிதம் அப்படியல்ல. அரங்கு முதலாளியின் பெயர் கிடைத்ததும் நான் முதலில் பார்க்கச் சொல்வது நீதிமன்ற, திவால் பதிவுகளைத்தான். இந்தத் தொழிலில் பணம் புரண்ட விதம் அங்கே தெரியும் அளவுக்கு வேறெங்கும் தெரியாது.

சிறையிலிருந்து வந்தவர் 1910 மே மாதம் ரிங்கைத் திறந்தார். பக்கத்திலேயே மனைவி பெல்லா. அவர் 1877இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஆட்டமும் பாட்டும் நடக்கும் மியூசிக் ஹால் மேடையில், அன்றைய புகழ்பெற்ற பாடகி மேரி லாய்டின் தங்கை ரோசியோடு 'சிஸ்டர்ஸ் லாய்ட்' என்ற பெயரில் பாடி ஆடியவர். முதல் உலகப்போரில் டிக் ராணுவத்தில் சேர்ந்தார். 1918இல் நிமோனியாவில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அரங்கு இருபது வருடத்துக்கு மேல் நடந்தது என்றால் அது முழுக்க பெல்லாவின் உழைப்பு.

பெல்லாவை 'உலகின் முதல் பெண் குத்துச்சண்டை ப்ரொமோட்டர்' என்று எழுதுவது வழக்கம். 'முதல்' என்ற பட்டத்தை நிரூபிக்க உலகம் முழுக்கத் தேட வேண்டும். அதனால் முதல் பெண்களில் ஒருவர் என்று சொல்வதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அவர் பெருமைக்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை. நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் பெண்களை வாசல் மிதிக்க விடாத காலத்தில், ரிங்கின் கயிற்றோரம் உட்கார்ந்து சண்டை பார்த்தவர், சண்டைகளை ஏற்பாடு செய்தவர், வீரர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்தவர் ஒரு பெண். பேட்டையில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய கதையும் இந்தத் தம்பதி பேரில் உண்டு. 1962 வரை வாழ்ந்தார். இப்படிப்பட்டவர்களைத் தேட மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் பெரிய உதவி. 1911 ஏப்ரல் கணக்கெடுப்பு ரிங் திறந்து ஒரு வருடம் முடிவதற்குள் நடந்தது. 1921 கணக்கெடுப்பும் 2022இல் வெளியாகிவிட்டது. வீட்டில் யார் யார், தொழில் என்ன என்று வீட்டுக்காரர்களே கைப்பட எழுதிய தாள்கள்.

1936 முதல் ராபர்ட் அட்கின்ஸ் என்ற நாடக இயக்குநர் ரிங்கிலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் போட்டார். ஐந்தாம் ஹென்றி அதில் ஒன்று. ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு இருந்த சதர்க் பகுதி, நாலு பக்கமும் ஜனங்கள் உட்காரும் மேடை. இதைவிடப் பொருத்தமான இடம் அன்று லண்டனில் வேறில்லை. நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. குத்துச்சண்டைக்காரர்கள் அரங்கின் உட்புறத்தை வர்ணித்து எழுத மாட்டார்கள், நாடக விமர்சகர்கள் எழுதுவார்கள். அதனால் அரங்கில் வேறு என்ன நடந்தது என்று தேடி, அந்தத் துறைப் பத்திரிகைகளையும் படிப்பது நல்லது.

அழிந்த நாள், அதற்கப்புறம்

1940 அக்டோபரில் ரிங் மேல் குண்டு விழுந்தது. அடுத்து வந்த தாக்குதலில் மிச்சமும் போனது. நகர நிர்வாகத்தைக் கவனித்த லண்டன் கவுன்டி கவுன்சில் அந்தப் போர்க்காலத்தில் நகரம் முழுக்கச் சேதத்தைப் படத்தில் கையால் வர்ணம் பூசிக் குறித்தது. மொத்தம் 110 தாள்கள். முழுதும் அழிந்த கட்டடத்துக்குக் கறுப்பு, செப்பனிட முடியாததற்கு ஊதா, சந்தேகமானதற்குக் கருஞ்சிவப்பு, செலவு செய்தால் தேறும் என்பதற்கு வெளிர்சிவப்பு, அதிர்ச்சியில் மட்டும் அடிபட்டதற்கு ஆரஞ்சு, சின்ன சேதத்துக்கு மஞ்சள். ஒரு அரங்கு ஏன் திரும்பக் கட்டப்படவில்லை என்ற கேள்விக்கு அதன் நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து வீடுகளின் நிறத்தையும் பார்க்க வேண்டும். சுற்றிலும் கறுப்பும் ஊதாவுமாக இருந்தால் அங்கே டிக்கெட் வாங்கிய ஜனங்களும் இடம் பெயர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பேட்டை போனால் பேட்டை அரங்குக்கு வாழ்வேது?

இந்த மனையின் அடுத்த கட்டம் நமக்கு நெருக்கமானது. இங்கே எழுந்த ஆர்பிட் ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டடத்துக்கு 1967இல், லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த துறையான இந்தியா ஆபீஸின் நூலகமும் ஆவணங்களும் வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்கள், புனித ஜார்ஜ் கோட்டையின் கடிதப் போக்குவரத்து, மதராஸ் மாகாண நடவடிக்கைகள் எல்லாம் 197, பிளாக்ஃபிரையர்ஸ் சாலை என்ற முகவரியில்தான் இருந்தன. 1998இல் பிரிட்டிஷ் நூலகத்தின் செயின்ட் பான்கிராஸ் கட்டடத்துக்குப் போகும்வரை, தமிழ்நாட்டு வரலாறு எழுத லண்டன் போன ஆய்வாளர்கள் வந்து உட்கார்ந்த இடம் அதே தெருமுனைதான். இப்போது அங்கே நிற்பது 2006இல் முடிந்த பலஸ்த்ரா என்ற கண்ணாடிக் கட்டடம். எதிரே சதர்க் சுரங்க ரயில் நிலையம். சாலையில் 'தி ரிங்' என்ற பெயரில் ஒரு மதுக்கடை மட்டும் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மற்ற அரங்குகள்

இதே முறை ஆற்றின் வடகரைக்கும் செல்லும். வைட்சாப்பலில் வண்டர்லேண்ட் என்ற அரங்கு 1911இல் எரிந்துபோனது. அதே வருடம் பக்கத்தில் பிரீமியர்லேண்ட் தொடங்கி 1930 வரை நடந்தது. யூத இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்த இடங்கள் இவை. பெத்னல் கிரீனில் 1929இல் பொதுக் குளியலறையாகத் திறந்த யார்க் ஹாலில் இன்றும் போட்டி நடக்கிறது. குளியலறை என்பதால் அது நகராட்சியின் சொத்து. கட்டிய வரைபடம், செலவுக் கணக்கு, கமிட்டித் தீர்மானம் எல்லாம் நகராட்சிக் கோப்பில் இருக்கும். தனியார் அரங்குகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

வடசென்னைக்கு எதைக் கொண்டுவரலாம்?

இந்த ஆய்வைத் தமிழில் எழுத முக்கியக் காரணம் இதுதான். ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு வட்டாரங்களில் குத்துச்சண்டைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்தன, வாத்தியார்கள் இருந்தார்கள். 1980இல் முகம்மது அலியே மதராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அந்த ஸ்டேடியத்தையும் 1993இல் புதிதாகக் கட்டிவிட்டார்கள்.

ஆனால் இங்கே முகவரி முறை அப்படியே வேலை செய்யாது. திடலில் கொட்டகை போட்டு நடத்திய போட்டிக்குக் கூரையும் இல்லை, டைரக்டரி வரியும் இல்லை. பயிற்சி நடந்தது வாத்தியார் வீட்டு வாசலிலும் காலி இடங்களிலும். ஆகவே திடலின் பெயரைப் பிடிக்க வேண்டும். திடல் மாநகராட்சியுடையதா, கோயிலுடையதா, துறைமுகத்துடையதா என்று பார்த்து, உடைமையாளரின் காகிதத்துக்குப் போக வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நகர சர்வே படங்களையும் அரசாணைகளையும் தேடலாம். ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகளோடு துண்டறிக்கைகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். போட்டி நோட்டீஸில் தேதி, திடல், டிக்கெட் விலை, ஏற்பாட்டாளர் பெயர், அச்சகத்தின் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அச்சகத்தின் பெயரை விடாதீர்கள். அந்தக் குடும்பத்தில் பழைய மாதிரித் தாள்கள் கிடக்க வாய்ப்புண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்களிடம் போக வேண்டும். ரிங்கின் காகிதங்கள் இன்னும் நூறு வருடம் லண்டனில் பத்திரமாக இருக்கும், அவற்றுக்கு அவசரமில்லை. 1960களில் கையுறை மாட்டியவர்களுக்கு இப்போது எண்பது வயது ஆகிறது. அவர்களிடம் 'யாரோடு ஆடினீர்கள்' என்று கேட்டால் பெருமைக்குரிய நாலு ஆட்டங்களைச் சொல்வார்கள். 'எந்த வழியாக உள்ளே போனீர்கள், டிக்கெட் எங்கே கிழித்தார்கள், விளக்கு எங்கே கட்டியிருந்தது, மழை வந்தால் என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் திடலே எழுந்து வரும். சர்வே படத்தை எதிரே விரித்து வைத்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் போட்டோவைக் கேட்டு வாங்கி, அங்கேயே படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். போட்டோவில் வீரருக்குப் பின்னால் தெரிகிற சுவர், பனைமரம், மில் புகைபோக்கி எதையும் வெட்டிவிடாதீர்கள். திடல் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி அதுதான்.